சொல் தேவை: துணைவர் வன்முறையா, இணையர் வன்முறையா?

[மடல் 1: கையேட்டுத் தொகுப்பாளர்]

குழுவினருக்கு வணக்கம்.

முன்னாள் படைவீரர்களைப் பார்க்கும் மருத்துவர், செவிலியருக்காகச் சென்னையில் ஒரு தமிழ்க் கையேடு தொகுத்துவருகிறோம். மணமானவர், மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர், காதலிப்பவர், பிரிந்துபோனவர், இப்படி நெருங்கிய உறவில் இருப்பவரோ இருந்தவரோ செலுத்தும் வன்முறைக்கு ஒரு சொல் வேண்டும். அடி உதை மட்டுமல்ல. பாலியல் கட்டாயம், மிரட்டல், ஏடிஎம் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் இதில் அடங்கும்.

'குடும்ப வன்முறை' போதாது. 2005 சட்டத்தின் பெயரில் இருக்கும் சொல் அது. மாமியாரும் மைத்துனரும்கூட அதற்குள் வருவார்கள். அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக மட்டுமே இருக்க முடியும். மருத்துவமனைக்கு ஆணும் வருவார். வரைவில் இப்போதைக்கு 'துணைவர் வன்முறை' என்று போட்டிருக்கிறேன்.

[மடல் 2: மொழிபெயர்ப்பாளர்]

> வரைவில் இப்போதைக்கு 'துணைவர் வன்முறை'

அம்மா, இந்தத் 'துணை' போகிற இடமெல்லாம் இடறும். படைவீரர் கையேட்டில் 'துணை' என்றதும் கண்ணில் படுவது துணைராணுவம். அடுத்து, ஆஸ்பத்திரியில் "துணைக்கு யாரு வந்திருக்கா?" என்று கேட்டால் நோயாளியோடு வந்த ஆள் என்றுதான் பொருள். கேள்வி கேட்கும்போது வெளியே அனுப்பவேண்டிய ஆளும் பல நேரம் அவரேதான், அது வேறு குழப்பம். மூன்றாவதாக, தமிழ்நாட்டில் 'துணைவி' என்றால் மனைவி இல்லை, விளக்கத் தேவையில்லை.

'இணையர்' என்று வைக்கலாம். சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களில் 'இணையேற்பு விழா' என்று பார்த்துப் பழகிய சொல். அந்தத் திருமணத்துக்கு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்த்தார்கள்; சொல்லுக்கு இந்த ஊரில் வேர் இருக்கிறது. ஆண்பால், பெண்பால் பிரச்சினையும் இல்லை. பரங்கிமலையில் பெண் ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறத் தொடங்கி முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. படைவீரர் என்றாலே ஆண், அவர் இணையர் என்றாலே பெண் என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது.

[மடல் 3: மெய்ப்புத் திருத்துநர்]

நல்ல சொல்தான். ஆனால் தட்டச்சில் ஒரு 'ர்' விழுந்தால் 'இணைய வன்முறை' ஆகிவிடும்; முகநூல் தொல்லை என்று படித்துவிட்டுப் போவார்கள். எழுத்துப்பிழை திருத்தி இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல். 'வாழ்விணையர்' என்று நீட்டினால் தப்பலாம், ஆனால் காதலரும் பிரிந்தவரும் வெளியே போய்விடுவார்கள்.

இன்னொன்று. 'முன்னாள் படைவீரர் இணையர் வன்முறை' என்று வேற்றுமை உருபு இல்லாமல் கோத்தால் அடித்தவர் யார், அடிபட்டவர் யார்? 'முன்னாள்' என்பது படைவீரருக்கா, இணையருக்கா? தலைப்பில் அழகாக இருக்கும், படிவத்தில் ஆபத்து.

[மடல் 4: மனநல மருத்துவர்]

உருபு இலக்கணப் பிரச்சினை மட்டும் இல்லை ஐயா, நோயறிதலே அதில் நிற்கிறது. முன்னாள் படைவீரர் ஒருவர் தலைவலி, மறதி, எரிச்சல், தூக்கமின்மை என்று வந்தால் குண்டுவெடிப்பு அதிர்வால் வந்த மூளைக்காயம் என்றோ போர் அதிர்ச்சி என்றோ எழுதிவிடுகிறோம். வீட்டில் தலை சுவரில் மோதப்பட்டாலும் இதே அறிகுறிகள்தான். படிவத்தில் 'பணிக்காலத்தில் தலைக்காயம்' என்று ஒரே கட்டம் இருந்தால் மற்றது காணாமல் போகும். எங்கே, எப்போது, எத்தனை முறை, நினைவு தப்பியதா என்று பணிக்கும் வீட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மனச்சோர்வு, தீராத உடல்வலி, வயிற்றுக் கோளாறு, குடி, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கும் இதே கதி.

கழுத்து நெரிப்பைக் கையேட்டில் தனிப் பத்தியாகப் போடுங்கள். வெளியே தடம் இல்லாமலே உள்ளே கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். சில நாள், சில வாரம் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் சிறுநீர் பிரிந்தது, இவற்றைக் கேட்க வேண்டும். யாரும் 'நெரித்தார்' என்று சொல்லமாட்டார்கள். "கழுத்தப் புடிச்சாரு" என்பார்கள். அதைச் சண்டை என்று எழுதி அனுப்பினால் ஸ்கேன் தவறிவிடும்.

கலைச்சொல் படிவத்துக்கும் அறிக்கைக்கும்தான். நோயாளியிடம் "இணையர் வன்முறை உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "வீட்டில் கைநீட்டுவது உண்டா?" என்று கேளுங்கள், தனியறையில்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஐந்து கேள்வி கேட்கிறார்கள்: உடலைக் காயப்படுத்தல், மட்டம் தட்டல், மிரட்டல், கத்தி வைதல், பாலியல் கட்டாயம். கடந்த 12 மாதம், ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 1 (ஒருபோதும் இல்லை) முதல் 5 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 7 அல்லது மேல் என்றால் மேற்கொண்டு பேச வேண்டும். மொழிபெயர்ப்பில் 4க்கும் 5க்கும் இரண்டுமே 'அடிக்கடி' ஆகிவிடும். 'மாதத்தில் சில முறை', 'அனேகமாக தினமும்' என்பதுபோல் பிரிக்கப் பாருங்கள். அந்த 7 அங்குள்ள பெண் படைவீரர்களிடம் பார்த்து வகுத்தது. நம் கேள்விகளுக்கு அதையே எல்லைக்கோடாக அச்சடிக்க வேண்டாம்.

[மடல் 5: கையேட்டுத் தொகுப்பாளர்]

அனைவருக்கும் நன்றி. 'துணைவர்' என்ற சொல்லை விட்டாயிற்று. தலைச்சொல் 'இணையர் வன்முறை'. வாக்கியத்திலும் படிவத்திலும் 'இணையரால் நேர்ந்த வன்முறை', 'இணையர்மீது செலுத்திய வன்முறை' என்று உருபோடு மட்டும். 'இணையரால்' என்று எழுதும்போது 'ர்' விழுகிற தொல்லையும் இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு 5இன் தமிழ்நாட்டு எண்ணையும் (38.1 விழுக்காடு) இந்தத் தலைப்பின் கீழிருந்து எடுத்துவிட்டேன். அது மணமான 18–49 வயதுப் பெண்களிடம் கணவரைப் பற்றிக் கேட்டது. 'கணவர் வன்முறை' என்று தனியாக நிற்கட்டும்.

பாக்கி 'ஸ்கிரீனிங்', அதாவது பாதிப்பு உண்டா என்று முதலில் கேட்டுப் பார்ப்பதற்கான சொல். 'திரையிடல்' என்று தயவுசெய்து யாரும் அனுப்பாதீர்கள், நாங்கள் படம் ஓட்டவில்லை. 'முதற்கட்ட விசாரிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். காவல் நிலைய வாடை வருகிறது.