ஹன்னிபால் கையில் இருந்தும் தோற்கிறேன், ஹவுஸ் ரூல் போடலாமா?

கோவைப்பகடை:
நானும் என் நண்பனும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஹன்னிபால்: ரோம் வெர்சஸ் கார்த்தேஜ்' ஆடுகிறோம். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமோடு போட்ட போரைப் பற்றிய போர்டு கேம். மார்க் சிமோனிட்ச் வடிவமைத்து 1996ல் அவலான் ஹில் வெளியிட்ட கேம். எங்களிடம் இருப்பது 2018ல் ஃபாலன்க்ஸ் போட்ட பதிப்பு. அத்தான் துபாயிலிருந்து வரும்போது சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். ஃபேனைப் போட்டால் எந்த இடம் யாருடையது என்று காட்டும் மார்க்கர் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். அது இருக்கட்டும்.

அவன் எப்போதும் ரோம், நான் கார்த்தேஜ். ஹன்னிபாலுக்கு ஸ்ட்ராடஜி ரேட்டிங் (நகர்த்தத் தேவையான கார்டின் குறைந்தபட்ச எண்) 1 என்பதால் எந்தக் கார்டைப் போட்டாலும் நகர்த்தலாம். பேட்டில் ரேட்டிங், அதாவது சண்டைத் திறன், 4. ஆசை ஆசையாக ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்குவேன். இவனோ சண்டைக்கே வரமாட்டான். கிட்டப் போனால் பகடையை உருட்டி விலகிவிடுவான். நான் துரத்திக்கொண்டு திரிய, இன்னொரு கான்சலை (ரோமத் தளபதி) கப்பலில் ஸ்பெயினுக்கு அனுப்பி அங்கே என் மாகாணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். குளிர்காலத் தேய்மானத்தில் என் படை கரையும். ஒன்பதாவது டர்ன் முடிந்து மாகாணங்களை எண்ணினால் அவனுக்குத்தான் அதிகம். நிஜ ஹன்னிபால் ரோமப் படையை நொறுக்கிய கேனே மாதிரி ஒரு சண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. "வந்து பிடிடா பார்க்கலாம்" என்று டீ குடித்துக்கொண்டே சிரிப்பான், எரிச்சலாக இருக்கும்.

டர்னுக்கு ஒரு சண்டையாவது போட்டே ஆக வேண்டும் என்று நாங்களாக ஒரு ஹவுஸ் ரூல் வைத்தால் தப்பா?

மூன்றாம்_பியூனிக்:
வைக்காதீங்க, கேமே கெட்டுவிடும். உங்கள் நண்பர் ஆடுவது ரோமத் தலைவர் ஃபேபியஸின் அசல் ஆட்டம். கி.மு. 217ல் டிராசிமீன் ஏரிக்கரையில் ஒரு ரோமப் படையே அழிந்த பிறகு சர்வாதிகாரியாக வந்தவர் அவர். சமவெளிக்கு இறங்காமல், மலை ஓரமாகவே ஹன்னிபாலைப் பின்தொடர்ந்தார். ரோம மக்களுக்கே அது பொறுக்கவில்லை. அவருடைய துணைத் தளபதி மினூசியஸுக்குச் சம அதிகாரம் கொடுத்தார்கள். மறுவருடம் கான்சல்கள் வாரோவும் பாவுலஸும் பெரும்படையோடு கேனேயில் போய் மாட்டினார்கள். உங்கள் நண்பருக்குப் பின்னால் கத்த ஒரு செனட்டும் இல்லை, அதனால் அவருக்குப் பொறுமை இலவசம். அதற்கு நீங்கள்தான் விலை வைக்க வேண்டும்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் குறைவான மாகாணம் வைத்திருப்பவர் அந்த வித்தியாசத்துக்குச் சமமான மார்க்கர்களை எடுத்தாக வேண்டும். எடுக்க மார்க்கர் இல்லையென்றால் சமாதானம் கேட்டுத் தோற்க வேண்டியதுதான். ஆக நீங்கள் துரத்த வேண்டியது கான்சலை இல்லை, மாகாணத்தை. தெற்கே லுக்கானியா, அபூலியா, சாம்னியம் பக்கம் இறங்கி உட்காருங்கள். படை நிற்கிற இடத்தில் ரோம மார்க்கரைக் கார்டு போட்டுத் திருப்பலாம். பக்கத்து இடத்துக்கு நகருங்கள், அதையும் திருப்புங்கள். சொந்த மார்க்கர் உள்ள இடத்தில் குளிர்காலத்தைக் கழித்தால் தேய்மானமும் இல்லை. மதில் உள்ள நகரங்களைத் தொடாதீங்க. முற்றுகைக்கு மூன்று புள்ளி சேர்க்க வேண்டும், கார்டைத் தின்றுவிடும். இன்னொன்று, மார்க்கர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போடாதீங்க. துறைமுகமோ நகரமோ படையோ தொடர்பில் இல்லாதவை டர்ன் முடிவில் தனிமைப்பட்டுப் போய்விடும்.

கேனேக்குப் பிறகு நிஜ ஹன்னிபாலும் ரோம் மதிலில் முட்டவில்லை. ரோமின் கூட்டாளிகளைத்தான் பிரித்தார். கி.மு. 216ல் கபுவா நகரம் அவர் பக்கம் வந்தது, 212ல் டாரெண்டம் நகரம். ஆனால் ஒரே படையால் எல்லா ஊருக்கும் காவல் நிற்க முடியவில்லை. 211ல் கபுவா திரும்ப ரோமிடம் போனது. கேமிலும் நீங்கள் கிளம்பிய மறுநிமிடம் உங்கள் நண்பர் வந்து திருப்புவார். அதனால் ரொம்பப் பரவாதீங்க.

பாக்குமரத்தான்:
ஸ்பெயினை யாருமே பேசலையே? அங்க இருக்கிற ஹன்னிபாலோட தம்பி ஹஸ்த்ருபாலுக்கு நாலு யூனிட்டாவது கூட விட்டுட்டுக் கிளம்புங்க தலைவா. ஆறாவது டர்ன்ல ரோமத் தளபதி சிபியோ ஆப்பிரிக்கானஸ் வந்துடுவான். நிஜத்துலயும் கி.மு. 209ல ஸ்பெயின்ல கார்த்தேஜோட தலைமை இடமான புதிய கார்த்தேஜையே பிடிச்சவன். இத்தாலி வேலையை அதுக்குள்ள முடிச்சிடணும்.

நண்பரை ஒரு தடவை கார்த்தேஜ் எடுக்கச் சொல்லிப் பாருங்க. ஃபேபியஸ் வேஷம் நீங்க போடுங்க.

கோவைப்பகடை:
கேட்டுப் பார்த்தேன், ரோமை விடமாட்டானாம். மூன்றாம்_பியூனிக் அண்ணா, லுக்கானியாவில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு கான்சலும் சேர்ந்து என் மேல் வந்து விழமாட்டார்களா?

மூன்றாம்_பியூனிக்:
வரட்டுமே, நீங்கள் கேட்ட சண்டை அதுதானே! அவர் போடும் பேட்டில் கார்டுக்கு நீங்கள் அதே கார்டைப் போட்டுவிட்டால் பகடை உருட்டி, தாக்கும் முறையை உங்கள் கைக்குப் பறிக்கலாம். ஹன்னிபாலுக்கு 4 வரை எது விழுந்தாலும் போதும், அதாவது ஆறில் நான்கு. தோற்றவர் இழந்த யூனிட்டில் பாதி அளவுக்கு மார்க்கரையும் எடுக்க வேண்டும், எனவே ஒரு பெரிய வெற்றியிலேயே ஒரு மாகாணம் அவர் கையைவிட்டுப் போகலாம். தாக்க வராமல் தள்ளி நின்றால் அவர் மாகாணங்கள் தானாகக் குறையும்.

ஒரே எச்சரிக்கை: பின்வாங்க நட்பு இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லாமல் தோற்றால் படையோடு ஹன்னிபாலும் போவார், அதன் பிறகு கார்த்தேஜ் தேறாது.