மூன்று பெட்டியிலும் ஒரே பெயர்: மலைநாட்டில் கேம் கன்சோல் வாங்கிய எங்கள் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து

2024 சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, தம்பிக்கு பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கன்சோல் வாங்குவதற்காகக் கண்டிக்குப் போனேன். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தால் வாங்கித் தருவதாக வெளிநாட்டில் வேலை செய்யும் அக்கா சொல்லியிருந்தார். சொன்னபடியே பணத்தையும் அனுப்பியிருந்தார்.

கடையில் மூன்று பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார்கள். மூன்றிலும் பிளேஸ்டேஷன் 5 என்றுதான் இருந்தது. ஒன்று 2020 நவம்பரில் வெளிவந்த பருமனான பழைய வடிவம். மற்ற இரண்டும் 2023 நவம்பரில் வந்த, எல்லோரும் ஸ்லிம் என்று சொல்லுகிற மெலிந்த வடிவம். அந்த இரண்டுக்கும் இடையில் 25,000 ரூபா வித்தியாசம் இருந்தது. காரணம் கேட்டபோது, "விளையாட்டு எல்லாம் ஒன்றுதான் தம்பி, இது டிஜிட்டல்" என்று விலை குறைந்ததைக் காட்டினார் விற்பனையாளர். டிஜிட்டல் என்ற சொல்லைத் தொலைக்காட்சியிலும் கெமராவிலும் கேட்டுப் பழகிய எனக்கு, அது பழையதைவிட மேலானது என்றுதான் விளங்கியது. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. அரைப் பேர் (கொழுந்து குறைந்தால் போடுகிற அரை நாள் சம்பளம்) விழாமல் 25 நாள் மலைக்குப் போனால் வருகிற பணம் மிச்சமாகிறது என்ற நினைப்போடு டிஜிட்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேல் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பையன் ஒருவன் தன் பிளேஸ்டேஷன் 4இல் ஓடும் கிரிக்கெட் இறுவட்டு ஒன்றைத் தம்பிக்கு இரவல் கொடுத்திருந்தான். பிளேஸ்டேஷன் 4 இறுவட்டுகளில் பெரும்பாலானவை 5இலும் ஓடும் என்று இருவரும் விசாரித்து வைத்திருந்தார்கள். கன்சோலை மேசையில் வைத்ததும் தம்பி அந்த இறுவட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஆட்காட்டி விரலால் வெள்ளை உடம்பின் விளிம்பை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தான். பிறகு திருப்பி வைத்து மற்றப் பக்கத்தையும் தடவினான். வாய் எங்கேயும் இல்லை. "அண்ணா, இதுக்குள்ள எப்படிப் போடுறது?" என்று அவன் கேட்டபோதுதான் நான் வாங்கி வந்தது என்னவென்று எனக்குத் தெரிந்தது. டிஜிட்டல் எடிஷன் என்பதன் முழுப் பொருளும் அதற்கு இறுவட்டு போடும் இடம் இல்லை என்பதுதான். வேகத்திலும் படத்திலும் அது மற்றதைவிட ஒரு துளியும் கூடியதல்ல.

இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று கொழும்பிலுள்ள நண்பர் சொன்னார். அவருடைய வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் சிம் போட்ட ரவுட்டர்தான், அதுவும் ஜன்னலோரம் வைத்தால் மட்டும் வேலை செய்யும். நல்ல நேரத்தில் செக்கனுக்கு ஒரு மெகாபைட் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், 100 ஜிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டை இறக்க ஏறத்தாழ 28 மணித்தியாலம் வேண்டும். பெரிய விளையாட்டுகள் பல அந்த அளவைத் தாண்டுகின்றன. மாதத்துக்கு வாங்கிய டேட்டா ஒரே விளையாட்டோடு முடிந்துவிடும். கணக்கு திறக்கப் போனால் நாட்டுப் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. வேறொரு நாட்டைத் தெரிவுசெய்துதான் உள்ளே போக முடிந்தது. பணம் செலுத்துவதற்கு அந்த நாட்டுக்குப் பொருந்துகிற அட்டையைத் தேட வேண்டியிருந்தது. ஃபைபர் உள்ள வீட்டில் இலாபமாகத் தெரிகிற டிஜிட்டல் எடிஷன் எங்கள் பக்கத்துக்கு வந்ததும் செலவாகிவிடுகிறது. இறுவட்டு என்றால் இரவல் வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம், சலித்தால் விற்கலாம். இறக்கிய விளையாட்டை யாருக்கும் விற்க முடியாது.

மாற்றிக் கேட்பதற்காக மறுபடியும் கண்டிக்குப் போனேன். பற்றுச்சீட்டில் பிளேஸ்டேஷன் 5 என்று மட்டும் எழுதியிருந்தது. கேட்ட பொருளைத்தானே தந்தோம் என்று அவர்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து

எங்கள் வீட்டில் நடந்தது எக்ஸ்பொக்ஸ் என்ற இன்னொரு கன்சோலின் பெயர்களால் வந்த குழப்பம். 2020 நவம்பரில் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் என்று இரண்டு வெளிவந்தன. அதற்கு முன்னைய தலைமுறையில் வன், வன் எஸ், வன் எக்ஸ் என்று மூன்று இருந்தன. 2017இல் வந்த வன் எக்ஸும் 2020இல் வந்த சீரீஸ் எக்ஸும் அமெரிக்காவில் ஒரே 499 டொலர் விலையில்தான் அறிமுகமாயின. நான் சீரீஸ் எக்ஸ் கேட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அப்பா வாங்கி வந்தது வன் எக்ஸ். கேட்ட பெயரிலும் எக்ஸ், வந்த பெயரிலும் எக்ஸ், பழைய விலையும் ஒன்று என்பதால் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய விளையாட்டுகளை அது நன்றாகவே ஓட்டுகிறது. புதிய தலைமுறைக்கென்று மட்டும் வருகிற விளையாட்டுகளை அதில் நிறுவ முடியவில்லை என்பதுதான் வருத்தம். அப்பாவுக்கு அதை நான் இன்னும் சொல்லவில்லை.

பண்டாரவளையிலிருந்து

பிள்ளைகள் இருவரும் தொலைக்காட்சியில் சேர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காக நின்டென்டோ சுவிட்ச் என்ற கன்சோலை வாங்கினேன். 2017இல் வந்த சுவிட்ச், 2019இல் வந்த லைட், 2021இல் வந்த ஓலெட் என்று மூன்று வகை இருப்பது எனக்குத் தெரியாது. விலை குறைவென்று லைட்டை எடுத்தேன். அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கவே முடியாது. கையில் பிடித்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்டது. மற்ற இரண்டிலும் போலக் கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடிக்கவும் முடியாது. தங்கச்சி ஐந்து மணி வரை, அண்ணன் ஏழு மணி வரை என்று நேரம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து

கைத்தொலைபேசியும் கன்சோலும் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மேலே எழுதியவர்களைப் போன்றவர்கள் மாதந்தோறும் என்னிடம் வருகிறார்கள், பொருளில் பழுது ஒன்றும் இருக்காது. ஆகவே வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

சாதாரண பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் சிஎஃப்ஐ (CFI) என்று தொடங்கும் மாதிரி இலக்கம் இருக்கும். நான்கு இலக்கங்களுக்குப் பிறகு வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ஏ (A) என்றால் இறுவட்டு போடலாம், பி (B) என்றால் போட முடியாது. முதல் இலக்கம் 1 என்றால் பழைய பருமனான வடிவம், 2 என்றால் மெலிந்தது. இந்த வேறுபாடு ஒரு வழியில் முக்கியமானது: மெலிந்த டிஜிட்டல் எடிஷனுக்கு இறுவட்டு டிரைவைத் தனியே வாங்கிப் பக்கத்தில் பொருத்த முடியும், பழைய பருமனான டிஜிட்டலுக்கு அந்த வழியே இல்லை. ஹட்டன் சகோதரர் வாங்கியது மெலிந்தது என்பதால் அவருக்கு வழி இருக்கிறது. செலவைச் சரியாகக் கணக்குப் பாருங்கள். மெலிந்த வடிவம் வெளிவந்தபோது அமெரிக்காவில் டிஜிட்டலுக்கு 449.99, இறுவட்டு உள்ளதற்கு 499.99, தனி டிரைவுக்கு 79.99 டொலர். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று மலிவானதை வாங்குகிறவர் கடைசியில் 30 டொலர் கூடுதலாகக் கொடுக்கிறார். இங்கே வந்து சேர்கிறபோது அந்த இடைவெளி இன்னும் பெருகுகிறது.

விலை கூடியதில் எல்லாம் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2024 நவம்பரில் 699.99 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவிலும் இறுவட்டு டிரைவ் இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால், மின் இணைப்புக் கொடுப்பதற்கு முன் வோல்ட் அளவைப் பாருங்கள். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட்.

பற்றுச்சீட்டை இலேசாக விடாதீர்கள். மாதிரி இலக்கத்தையும் அந்த எழுத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விற்பவரின் கடமை. தவறாகச் சொல்லி விற்றால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எழுத்தில் இல்லாத ஒன்றை நிரூபிப்பது கடினம் என்பதை ஹட்டன் சகோதரரின் கதையிலேயே பார்த்தோம்.

மறுபடியும் ஹட்டனிலிருந்து

தலவாக்கலை அண்ணனுக்கு நன்றி. அவர் சொன்னபடி டிரைவை வாங்கினோம், பணத்தை நானும் தம்பியும் நான்கு மாதம் சேர்த்தோம். பக்கத்து வெள்ளை மூடியைக் கழற்றினால், டிரைவ் 'டக்' என்ற ஒலியோடு உட்காருகிறது. ஆனால் முதல் தடவை அதைக் கன்சோலோடு பதிவு செய்வதற்கு இணையம் கட்டாயம் வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. அன்று மழை, ரவுட்டரில் சிக்னல் இல்லை. தம்பி என் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் பதிவு முடிந்ததாகக் காட்டும்வரை அவன் சட்டைக்கை முழுவதும் நனைந்துவிட்டது.

இரவல் வாங்கிய கிரிக்கெட் இறுவட்டு அன்று இரவே ஓடியது. இப்போது எங்களிடம் சொந்தமாக இரண்டு இறுவட்டுகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று இந்தக் கிழமை மேல் லயத்தில் இருக்கிறது.