சுவருக்குள்ள கெடக்குற பழைய டெலிபோன் ஒயர்ல நெட்வொர்க் போட்டவங்க இருக்கீங்களா?

சாட்ஸ்வர்த்காரன்:
தென்னாப்பிரிக்கா டர்பன்ல எங்க வீடு, பக்கத்து வீட்டோட ஒட்டிக் கட்டின அந்தக் காலத்து வீடு, பின்னால ஆயாவுக்கு (எங்க பாட்டிக்கு) தனியா ஒரு அவுட்பில்டிங், நடுவுல செங்கல் சுவரா நிக்குது. ஃபைபர் பெட்டி முன் ரூம்ல இருக்கு, வைஃபை கிச்சனைத் தாண்ட மாட்டேங்குது. கரண்ட் ஒயர் வழியாவே நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் பார்த்தேன், லோட் ஷெட்டிங்னு கரண்டை நிறுத்திட்டா என்ன பண்றது, அதை யூபிஎஸ் வழியா குடுத்தா சிக்னல் செத்துடும். அப்பதான் ஆயா ரூம்ல பழைய போன் சாக்கெட் கண்ணுல பட்டுச்சு. தெருவுல செம்பு கேபிளைத் திருடிட்டுப் போனதுல இருந்து லேண்ட்லைன் கெடையாது, ஆனா வீட்டுக்குள்ள ஒயர் அப்படியே இருக்கு. வெளியில இருந்து வர்ற இணைப்பைக் கழட்டிட்டு ரெண்டு முனையிலயும் டெலிபோன் ஒயர்ல நெட் அனுப்புற ஜி.எச்.என் அடாப்டர் போட்டேன். ரெண்டுக்கும் குட்டி யூபிஎஸ். கரண்ட் போனாலும் ஆயா சீரியல் நிக்கல, ஆயாவுக்கு அது போதும்.

லெனேசியா அண்ணன்:
தம்பி இதெல்லாம் புதுசு இல்ல, 2001-லயே நான் போன் ஒயர்ல கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஹோம்பிஎன்ஏ கார்டு போட்டவன். டயல்-அப் காலம், ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் கால் சார்ஜ் கம்மி, விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்ல இன்டர்நெட் ஷேரிங் போட்டு ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே லைன்ல ஓடும். கார்டு 1 எம்பிபிஎஸ்தான், நெட்டே 56 கேபிபிஎஸ், அதுக்கு மேல என்ன வேணும்? அதே ஒயர்ல போனும் பேசலாம், ஏன்னா பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழயே முடிஞ்சிடும், இது 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல ஓடுது, ஒண்ணை ஒண்ணு தொடாது. ஆனா இங்க ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் கோடை மத்தியானம் இடி மின்னல் தெரியும்ல, ஒரு தடவை லைன் வழியா இறங்கி மோடம், கார்டு, மதர்போர்டு எல்லாம் காலி. நீ வெளி இணைப்பைக் கழட்டினது அதுக்கும் நல்லதுதான்.

மாரிட்ஸ்பர்க்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. எங்க மாமா வீட்டுல ஏடிஎஸ்எல் (போன் லைன்லயே வர்ற பிராட்பேண்ட்) இருந்தப்ப இதே மாதிரி அடாப்டர் பாக்ஸ் வாங்கிப் போட்டாரு, லைட் எரியவே இல்ல, கடைக்காரனைத் திட்டித் தீர்த்துட்டாரு. பார்த்தா பாக்ஸை, ஏடிஎஸ்எல்லோட போனுக்குப் போடற அந்த வெள்ளை ஃபில்டருக்குப் பின்னால சொருகியிருக்காங்க. ஃபில்டர் போன் சத்தத்தை மட்டும்தான் விடும், மேல உள்ளதை எல்லாம் வெட்டிடும். பாக்ஸ் நேரா சுவர் சாக்கெட்ல போகணும், ஃபில்டர் போனுக்கு மட்டும். ஏடிஎஸ்எல்லைவிட வேகமான விடிஎஸ்எல் லைன்னா வேற கதை, அதுவும் அந்த மெகாஹெர்ட்ஸ்லயே ஓடறதால ரெண்டும் அடிச்சுக்கும்.

அம்ஷ்லாங்கா அக்கா:
அடாப்டர் வாங்கறதுக்கு முன்னாடி சாக்கெட்டைத் திறந்து பாருங்கப்பா. புது காம்ப்ளெக்ஸ்ல போனுக்கே கேட்5 (எட்டு ஒயர் உள்ள நெட்வொர்க் கேபிள்) இழுத்திருப்பாங்க, எங்க வீட்டுல எட்டு ஒயரும் இருந்துச்சு, ஒவ்வொரு ரூம்ல இருந்தும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்துச்சு, ஆர்ஜே45 நெட்வொர்க் முனை மாட்டினேன், முடிஞ்சது. ரூம் ரூமா ஒரே ஒயர் தொத்திட்டுப் போனா இது ஆகாது. லைன் இன்னும் உயிரோட இருந்தா கை வைக்காதீங்க, சும்மா இருக்கும்போதே 48 வோல்ட், மணி அடிக்கும்போது இன்னும் ஏறும், ஈத்தர்நெட் (நெட்வொர்க் கேபிள்) போர்ட் கருகிடலாம்.

சாட்ஸ்வர்த்காரன்:
நம்ம வீட்டுல நாலே நாலு ஒயர்தான் அக்கா, அதுல ரெண்டு பச்சை புடிச்சு போச்சு, டர்பன் கடல் காத்து. நல்ல ஜோடியிலதான் இப்ப ஓடுது.