பூம்பாறை சாலையில் பார்த்த பறவைகள்

கொடைக்கானலுக்குப் பறவைப் படம் எடுக்க வருகிறவர்களில் பலர், பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால் பூம்பாறை, மன்னவனூர் போகும் வழியே போதும். காலையில் முதல் பேருந்தைப் பிடித்து, இடையிடையே இறங்கி நடந்தால் சோலைக்காடு, வயல், புல்வெளி மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த வழியில் எனக்குக் கிடைத்த சில சந்திப்புகளை எழுதுகிறேன்.

பழனி சிரிப்பானைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். புதருக்குள்ளிருந்து ஒன்று குரல் கொடுக்கும், இன்னொன்று பதில் சொல்லும், அப்புறம் கூட்டமே சேர்ந்துகொள்ளும். வெள்ளைப் புருவம், சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு. நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் வேறு இனம், அதற்கு நெஞ்சும் செம்பழுப்பாகவே இருக்கும். இவை உயரமான மலையை விட்டுக் கீழே இறங்காதவை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடப்பதால் இரண்டு பக்கமும் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. ஊட்டியில் எடுத்த படத்தையும் இங்கே எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பின்னாலேயே போனால் அவை புதருக்குப் புதர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நான் பழுத்துக் கிடந்த ஒரு தவிட்டுப்பழப் புதரைப் பார்த்து வைத்துக்கொண்டு, சாலையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் தானாகவே வந்தது. வாயில் பழத்தோடு ஒன்று நிமிர்ந்தபோது எடுத்த படம் இன்னும் எனக்குப் பிடித்த படங்களில் ஒன்று.

சோலைக்குள் ஒளி மிகக் குறைவு. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இருப்பதோ அதிலும் இருட்டான அடிப்புதரில். ஆனால் ஆளைக் கண்டு பறக்கிற பறவை அல்ல. முழங்கால் உயரக் குச்சியில் உட்காரும், பூச்சியைப் பிடிக்கும், திரும்ப அதே குச்சிக்கு வரும். குச்சியைக் குறிவைத்துக் காத்திருந்தால் போதும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/80 நொடி வைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு எடுத்தேன். அந்த நேரத்தில் அங்கே வந்த ஒரு குழு கைப்பேசியில் அதன் குரலைப் போட்டது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுக் குச்சிக்குக் குச்சி தவித்தது. பார்க்கவே வேதனையாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், குறிப்பாகக் கூடு கட்டும் காலத்தில்.

பூம்பாறைதான் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம். சாலையிலிருந்து பார்த்தால் அடுக்கடுக்காக வயல்கள், அவற்றுக்கு நடுவே நெருக்கமாக வீடுகள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது இந்தப் பக்கத்தில்தான். பூண்டுக்காட்டில் நட்டிருந்த ஒரு குச்சியில் கருப்பு வெள்ளை புதர்ச்சிட்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு பெரும்பாலும் கருப்பு, இறக்கையில் வெள்ளைப் பட்டை, வாலடியிலும் வெள்ளை. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமென்று கால் வைத்தபோது களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கல்லுக்கட்டுப் பக்கம் போகாதீங்க. கூடு வச்சிருக்கு."

"எந்தக் குருவிக்கா?"

"இதே கருப்புக் குருவிதான். பொட்டை வேற நிறமா இருக்கும், பாருங்க. வருசா வருசம் இந்தக் கல்லுச் சந்துலதான் வைக்குது. பூச்சியெல்லாம் பொறுக்கித் தின்னுரும், அதனால நாங்க அந்தக் கட்டைக் கலைக்கிறதில்ல."

சொல்லி முடிப்பதற்குள் பழுப்பு நிறப் பெண் பறவை அலகில் புழுவோடு வந்து கல்லிடுக்கில் நுழைந்தது. நான் சாலைக்கே திரும்பிவிட்டேன். கூட்டையோ குஞ்சையோ படம் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கிருந்து அக்காவிடம் கேட்டுக்கொண்டு, பெரிய லென்ஸைக் கழற்றிவிட்டுச் சின்ன லென்ஸில் எடுத்தேன். முன்னால் குச்சியில் சிட்டு, அதற்குப் பின்னால் குனிந்து வேலை செய்யும் அக்கா, மேலே அடுக்கு வயல்கள். திரையில் காட்டியதும், "குருவி இத்தினிக்கூண்டு இருக்கு, என் காடு முழுசா வந்திருச்சே!" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பறவை படச்சட்டம் முழுக்க நிறைந்திருக்கும் படங்களை நானும் ரசிப்பேன். ஆனால் அது பூண்டு வயலில் இருந்ததா, அந்தக் கல்கட்டை யாரோ பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்பது அப்படிப்பட்ட படத்தில் தெரியாது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

புல்வெளி விஷயத்தில் இது இன்னும் அவசரம். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு சொல்கிறது. சீகை (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம்), தைல மரம், பைன் இவைதான் அந்த இடத்தில் பெரும்பாலும் நிற்கின்றன. நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவிக்குப் புல்வெளிதான் வீடு. மன்னவனூர் தாண்டி ஒரு சரிவில் அதைப் பார்த்தேன். முதுகில் கோடுகள், புல்லின் அதே நிறம், அசைந்தால்தான் தெரியும். படத்தில் அது சின்னதாகத்தான் விழுந்தது. ஆனால் சரிவின் மேல்விளிம்பில் சீகைக் கன்றுகள் வரிசையாக இறங்கி வருவதும் அதே படத்தில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து யாராவது அதே இடத்தில் நின்று எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதனால் தேதியும் இடமும் குறித்து வைத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று விஷயம். மஞ்சு இறங்கும்போது கேமரா காட்சியைத் தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடும், வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். குளிரிலிருந்து அறைக்குள் போகும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். காட்டுமாடு எதிரே வந்தால் படத்தை மறந்துவிட்டு ஒதுங்கி வழிவிடுங்கள்.

மன்னவனூர், கூக்கால் பக்கம் பழைய புல்வெளிப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா? பறவையே இல்லாத வெறும் சரிவாக இருந்தாலும் சரி, எந்த வருடம் எடுத்தது என்று தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.