புதுப்பிப்பு: கிட்டார் மேற்பலகையில் பெயர்ந்த பூச்சு

மைக் ஸ்டாண்டு சாய்ந்து மேற்பலகையில் மிளகளவு பூச்சு பெயர்ந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேனே, வேலை முடிந்தது. தோள்வார் மாட்டும் ஸ்ட்ராப் பட்டனுக்கு அடியில் அசிட்டோன் தொட்டதில் பூச்சு இளகவில்லை. அப்போ அசிட்டோனில் இளகும் நைட்ரோ லாக்கர் பூச்சு இல்லை, பாலி எனும் பிளாஸ்டிக் வகைப் பூச்சுதான். பள்ளத்தை நிரப்ப சூப்பர் க்ளூ போதும். ஆனால் தண்ணியாக இருப்பது வேண்டாம், பூச்சு போன ஸ்ப்ரூஸ் மரம் உறிஞ்சிக் கறை தட்டிவிடும். கொஞ்சம் கெட்டியானதைப் பல்குச்சியால் ஒரு சொட்டு. காய்ந்ததும் சுருங்கும், மேலே இன்னொன்று, லேசாக மேடு தட்டும்வரை. சீக்கிரம் காயவைக்கும் ஸ்ப்ரே அடித்தால் குமிழியும் வெள்ளைப் படலமும்தான் மிஞ்சும்.

மறுநாள் பிளேடின் இரு முனையிலும் செலோடேப் சுற்றி, நடுவிளிம்பால் மேட்டை மட்டும் சுரண்டணும். டேப்பின் தடிமன்தான் பக்கத்துப் பூச்சுக்குக் காவல். பிறகு 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), கடைசியாகக் கார் ரப்பிங் காம்பவுண்ட். சாய்வெளிச்சத்தில் மெல்லிய விளிம்பு தெரிகிறது. இனியும் தேய்த்தால் சுற்றியுள்ள பூச்சு மரம்வரை போய்விடும், அதனால் விட்டாச்சு.