இந்தியன் ஓப்பன்: டெல்லிப் புதரிலிருந்து குர்கான் கிரீன் வரை

ஸ்கோர்கார்டு:
இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டி என்றாலே வென்றவர்களின் பெயர்ப் பட்டியலோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த மைதானத்தில் வென்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் போட்டி பிடிபடும்.

முதல் போட்டி 1964-ல், டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்தது. அது உருவாக முன்னின்றவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சன். அதற்குள் பிரிட்டிஷ் ஓப்பனை நான்கு முறை வென்றிருந்தவர். முதல் கோப்பையும் அவருக்கே. 1966, 1976 ஆண்டுகளிலும் வென்றார். 1965-ல் கல்கத்தாவில் வென்ற பில்லூ சேத்தி ஓர் அமெச்சூர் (பணத்துக்காக ஆடாதவர்). கோப்பை உண்டு, பணம் கிடையாது: அமெச்சூர் வென்றால் பரிசுத்தொகை அடுத்த இடத்தில் முடித்த தொழில்முறை ஆட்டக்காரருக்குப் போகும். அவருக்குப் பிறகு எந்த அமெச்சூரும் இதை வெல்லவில்லை.

1970-ல் போட்டி ஆசிய கோல்ஃப் சர்க்யூட்டில் சேர்ந்தது. தைவான், ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெளியிலிருந்து வந்தவர்களே கோப்பையை எடுத்துப் போனார்கள். பின்னாளில் யூ.எஸ். ஓப்பனை இருமுறை வென்ற பேய்ன் ஸ்டூவர்ட் 1981-ல் இங்கே வென்றவர்தான். சேத்திக்குப் பிறகு ஓர் இந்தியர் வெல்ல 26 ஆண்டுகள் ஆயின.

மூணாம் நம்பர் அயர்ன்:
டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி கோர்ஸைத் தெரியாமல் அந்த 26 ஆண்டுகள் புரியாது. நீளம் 7,000 கஜத்துக்கும் சற்றுக் குறைவு, பார் (18 ஹோல்களையும் முடிக்க நிர்ணயித்த அடிகள்) 72. இன்றைய கணக்கில் குட்டை மைதானம். ஆனால் ஃபேர்வே (புல் வெட்டிய ஆட்டப் பாதை) ஒடுங்கியது, இரண்டு பக்கமும் முள்ளும் புதரும் அடர்ந்து நிற்கும்.

டீயிலிருந்து (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) பந்து புதருக்குள் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். உடனே ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடிக்க வேண்டும். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேட மூன்று நிமிடம்தான் (2019-க்கு முன் ஐந்து). கிடைக்காவிட்டால் டீயிலிருந்து அடித்த இரண்டாவது பந்து மூன்றாவது ஸ்ட்ரோக்காக (அடியாக) கணக்காகும், அடுத்தது நான்கு. பார் 4 ஹோலில் நாலாவது ஸ்ட்ரோக்கைக் கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) நோக்கி அடிக்கிறீர்கள் என்றால் நன்றாக ஆடினாலும் டபுள் போகி, அதாவது பாரைவிட இரண்டு அடி அதிகம்.

பந்து கிடைத்தாலும் நிம்மதி இல்லை. ‘ஆட முடியாத பந்து’ என்று அறிவித்து ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளம் நகர்த்தலாம். அடர்ந்த புதரில் இரண்டு கிளப் நீளம் நகர்ந்தாலும் புதர்தான். குழியைக் காட்டும் கொடிக்கும் பந்துக்கும் நேர்க்கோட்டில் பின்னால் போனால் பெரும்பாலும் இன்னும் ஆழமான புதர். ஆகவே பல சமயம் மிஞ்சுவது டீக்குத் திரும்பி நடப்பது மட்டுமே.

இதனால்தான் இங்கே விவரமானவர்கள் அதிக தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பைப் பையிலேயே விட்டுவிட்டு, கட்டுப்படுத்த எளிதான நீள அயர்னோ ஹைப்ரிடோ எடுப்பார்கள். முப்பது நாற்பது கஜம் இழப்பு, அடுத்த ஷாட்டுக்கு 9-ம் நம்பருக்குப் பதில் அதிக தூரம் போகும் 6-ம் நம்பர் அயர்ன் வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்க மனசு வராதவர்கள் பலர் வெள்ளிக்கிழமையே, இரண்டாம் சுற்றோடு, ‘கட்’டுக்கு (மீதிச் சுற்றுகளில் ஆடத் தகுதி தரும் வரம்பு) வெளியே போய்விடுவார்கள்.

கேடிமகன்:
மேலே சொன்னதோடு சேர்த்து: 1991-ல் அந்த 26 ஆண்டுக் காத்திருப்பை முடித்த அலி ஷேர், அதே டெல்லி கிளப்பில் கேடியாக (ஆட்டக்காரரின் பையைத் தூக்குபவராக) இருந்தவர். 1993-லும் அவரே வென்றார். சேத்தி அமெச்சூர் என்பதால், இந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர்தான். பை தூக்கி நடப்பவருக்கு ஒவ்வொரு ஹோலிலும் எந்தப் பக்கம் தவறினால் பிழைக்கலாம் என்பது கால்வழியே தெரிந்துவிடும்.

2009-ல் வென்ற பெங்களூரு சின்னசாமி முனியப்பா, 2013-ல் வென்ற வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான் இருவரும் கேடி வேலையிலிருந்து மேலே வந்தவர்கள். 2016, 2017-ல் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் கிரீன்கீப்பர் (புல்தரையைப் பராமரிப்பவர்). கிளப் உறுப்பினர்களின் ஆட்டமாகவே பார்க்கப்பட்ட ஒன்றில், நாட்டின் பெயரைத் தாங்கிய கோப்பை இவர்கள் கைக்கு வந்ததுதான் இந்தப் போட்டியின் மிகப் பெரிய பெருமை என்று நினைக்கிறேன்.

ஸ்கோர்கார்டு:
1998, 1999, 2000 மூன்றையும் மறக்க வேண்டாம். ஃபிரோஸ் அலி, அர்ஜுன் அட்வால், ஜோதி ரந்தாவா என்று தொடர்ச்சியாக மூன்று இந்தியர்கள். ரந்தாவா 2006, 2007-லும் வென்று தாம்சனின் மூன்று கோப்பைக் கணக்கைத் தொட்டார்.

2015 தனியாகச் சொல்ல வேண்டிய ஆண்டு. ஐரோப்பியத் தொழில்முறைத் தொடரான யூரோப்பியன் டூரும் சேர்ந்து நடத்தத் தொடங்கியது அப்போதுதான். கடைசி நாள் தொடங்கும்போது அனிர்பன் லாஹிரி, சௌராசியாவைவிட ஏழு ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தார். லாஹிரி 69, சௌராசியா 76. இருவரும் 277-ல் முடிக்க, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபின் முதல் ஹோலிலேயே லாஹிரி பர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) அடித்து வென்றார். ஏழு ஸ்ட்ரோக் என்பது வேறு மைதானத்தில் பாதுகாப்பான இடைவெளி. லோதியில் இரண்டு மோசமான டீ ஷாட்டில் பாதி கரைந்துவிடும்.

சரிவுக்கோடு:
2017-ல் போட்டி குர்கானின் டி.எல்.எஃப் மைதானத்துக்குப் போனது. முனியப்பா வென்ற அதே கிளப்தான், ஆனால் இப்போது ஆடுவது கேரி பிளேயர் வடிவமைத்த புதிய கோர்ஸ். 7,300 கஜத்துக்கும் மேல். டீயில் இடம் உண்டு, தண்டனை கிரீனில் காத்திருக்கும்.

கிரீன்கள் அடுக்கடுக்காக இருக்கும். கொடி மேலடுக்கில் இருக்கும்போது கீழடுக்கில் விழுந்த பந்து, கிரீனில் இருந்தும் மூன்று பட்டுக்கு (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) வழி. கொடிக்கு மேலே நின்றால் இன்னும் மோசம்: லேசாகத் தொட்ட பட் கொடியைத் தாண்டி ஓடி கிரீனுக்கு வெளியே போய்விடலாம். அதனால் பயிற்சிச் சுற்றில் ஸ்கோரைப் பற்றி யோசிக்கவே கூடாது. நான்கு நாட்களுக்குக் கொடி வைக்கக்கூடிய இடங்களை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பக்கத்திலிருந்தும் பந்தை உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பட்டில் முடியும் என்று யார்டேஜ் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். போட்டி நாளில் குறி அந்தப் பக்கம்தான், கொடி இல்லை.

2018-ல் சுபாங்கர் சர்மா இரண்டாம் நாள் 64 அடித்தார், கடைசி நாள் 75. மாட் வாலஸ் பிளே-ஆஃபில் வென்றார். 2019-ல் ஸ்டீஃபன் கல்லாகர் கடைசிச் சுற்றின் ஏழாவது ஹோலில் பார் 4-க்கு 8 எடுத்தும், ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். அவருக்கு அன்று பை தூக்கியது அவர் மகன்.

கேடிமகன்:
டி.எல்.எஃப் வந்ததும் உள்ளூர் அறிவுக்கு மதிப்புப் போய்விட்டது என்பது பாதிதான் சரி. அங்கே நடந்த முதல் போட்டியிலேயே, 2017-ல், சௌராசியா ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றாரே. 2016-ல் லோதியிலும் அவர்தான். தூரம் அடிப்பவர் இல்லை அவர். கிரீனைச் சுற்றி சிப் (பந்தைத் தூக்கிப் போடும் குட்டை அடி), பட் இரண்டிலும் கெட்டி; ‘சிப்புட்சியா’ என்ற பட்டப்பெயரே அதனால்தான். புதருக்குப் பயந்து ஆடும் ஆட்டமும் கிரீனுக்குப் பயந்து ஆடும் ஆட்டமும் ஒரே கையில் இருந்தால் மைதானம் மாறினாலும் கவலையில்லை. ஆனால் அவருக்குப் பிறகு 2025 வரை ஓர் இந்தியரும் வெல்லவில்லை, அதுதான் வருத்தம்.

சரிவுக்கோடு:
ஒப்புக்கொள்கிறேன். கோவிட் காரணமாக 2020 முதல் 2022 வரை போட்டி நடக்காததும் சேர்ந்துகொண்டது.

ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். 2024-ல் ஜப்பானின் கெய்ட்டா நகஜிமா டி.எல்.எஃப்-ல் 17 அண்டரில் (பாரைவிட 17 அடி குறைவு) வென்றார். 2025-ல் அதே மைதானத்தில் அதே நகஜிமா 2 அண்டரில் முடித்தும் இரண்டாம் இடம், வென்ற யூஹேனியோ சகாரா 4 அண்டர். ஒரே ஆளுக்கு நான்கு சுற்றில் 15 ஸ்ட்ரோக் வித்தியாசம். இத்தனை சரிவுள்ள கிரீன் சற்று இறுகினாலோ, காற்று கிளம்பினாலோ, கொடியை இரண்டடி ஓரத்துக்குத் தள்ளினாலோ போதும், முந்தைய ஆண்டின் குறிப்பேடு செல்லாது. இங்கே ஆடப் போகிற இளம் ஆட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது: பழைய ஸ்கோரை இலக்காக வைக்காதீர்கள், புதன்கிழமை கிரீனில் பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளந்துவிட்டு முடிவெடுங்கள்.