பெல்ட், ராப், ஸ்ட்ராப்: எடை தூக்குற இடத்துல நேர்ல பார்த்தது

(எடை தூக்கிப் பழகுறவங்க குழுவுல பேசிக்கிட்டது. பேருக்குப் பதிலா ஊரு, சிலருக்கு எடைப்பிரிவும் சேர்த்து.)

பட்டுக்கோட்டை 83 கிலோ

140 கிலோ ஸ்குவாட் (ராடைத் தோள்ல வெச்சு உட்கார்ந்து எழுறது), மூணாவது ரெப், அதாவது மூணாவது தடவை. தம்பி அடிவரைக்கும் போய் மேலே ஏறத் தொடங்குன இடத்துல ‘சர்ர்’னு ஒரு சத்தம். கால்சட்டை கிழிஞ்சிடுச்சுன்னுதான் சுத்தி நின்னவங்க நினைச்சாங்க. பார்த்தா நைலான் பெல்ட்டோட வெல்க்ரோ முழுசா உரிஞ்சு பின்னாடி தொங்குது. வயித்துல அடக்கி வெச்ச காத்து அந்த நொடியே போச்சு. முதுகு வளைஞ்சு, ராடு கழுத்துப் பக்கம் ரெண்டு விரக்கடை ஏறிடுச்சு. சேஃப்டி பின் (ராடு விழுந்தாத் தாங்குறதுக்கு ஸ்டாண்டுல குறுக்கே போடுற இரும்புக் கம்பி) இருந்ததால ஆள் தப்பிச்சான்.

வெல்க்ரோவை நீளவாக்குல இழுத்தா நல்லாத் தாங்கும். ஓரத்துலேருந்து உரிச்சா சின்னப் பிள்ளைகூட உரிச்சிடும். வயிறு வெளியே தள்ளும்போது பட்டையோட முனை லேசா எழும்பும், உரியுறது அங்கேதான் ஆரம்பிக்குது. அந்த பெல்ட்டைக் கழட்டிப் பார்த்தப்போ கொக்கிப் பக்கம் பூரா பஞ்சும் மக்னீசியம் பவுடரும் அடைஞ்சு கிடந்துச்சு. நைலான் பெல்ட் வெச்சிருக்கிறவங்க பழைய பல் பிரஷ்ஷால வாரம் ஒரு தடவை அதைத் தேய்ச்சு எடுங்க. ஒட்டுற நீளம் முக்கால் சாணாவது இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா அந்த அளவு உங்க இடுப்புக்கு இல்லை.

வேற யாராவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?

குடந்தை மாஸ்டர்

தம்பி, வெல்க்ரோவை மட்டும் குத்தம் சொல்லி நிறுத்திட்டீங்க. சேஃப்டி பின் எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு எழுதலையே? ராடு கழுத்துக்கு ஏற இடம் இருந்துச்சுன்னா பின் ஒரு ஓட்டை கீழே இருந்திருக்கணும். அடிவரைக்கும் உட்கார்ந்தப்போ ராடு நிக்கிற உயரத்துலேருந்து ரெண்டு மூணு செ.மீ. கீழேதான் பின் இருக்கணும். பெல்ட் பேச்சுக்கு முன்னாடி பேச வேண்டியது இதுதான்.

கண்ணை விட்டுப் போகாத காட்சி வேற ஒண்ணு. பின்பக்கம் அகலமா, முன்பக்கம் ஒடுக்கமா ஒரு பெல்ட் விக்கிறாங்களே, அதை மூச்சு முட்ட இறுக்கிக்கிட்டு ஒருத்தர் டெட்லிஃப்டுக்கு, அதாவது தரையில கிடக்கிற ராடை நின்னு தூக்குறதுக்குக் குனியறார். குனியும்போது வயித்தை உள்ளே எக்கிட்டார். வயித்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையற இடைவெளி! பெல்ட் போட்டும் போடாத மாதிரிதான். ராடு முட்டியைத் தாண்டுறதுக்குள்ள கீழ்முதுகு வில்லா வளைஞ்சிடுச்சு.

பெல்ட் முதுகுக்கு முட்டுக்கொடுக்கிற பலகைன்னு நினைக்கிறவங்க நிறைய. அது முதுகைத் தாங்குறதில்லை. வயித்துச் சுவர் எதிர்த்துத் தள்ளுறதுக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். நீங்க மூச்சை அடக்கி நாலாபக்கமும் தள்ளினா வயித்துக்குள்ள அழுத்தம் ஏறுது, அந்த அழுத்தம்தான் நடு உடம்பை விறைப்பா வெச்சிருக்கு. முன்பக்கம் ஒடுக்கமான பெல்ட்டுல தள்ள வேண்டிய இடத்துல சுவரே இல்லை. சுத்தி ஒரே அகலமா இருக்கிற பட்டைதான் வேலைக்கு ஆகும்.

போடுற முறை இது. ஸ்குவாட்டுக்கு பெல்ட்டோட நடுக்கோடு தொப்புள் உயரம். டெட்லிஃப்டுக்கு ரெண்டு செ.மீ. மேலே, இல்லேன்னா குனியும்போது கீழ்விளிம்பு இடுப்பெலும்புல இடிக்கும். மூச்சைச் சாதாரணமா விட்ட நிலையில மாட்டுங்க. மாட்டின பிறகு ஒரு விரல் சிரமப்பட்டு நுழையணும். நுழையவே இல்லேன்னா மூச்சு நெஞ்சுக்குத்தான் போகும். ராடைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி மூச்சை விலாவுக்குக் கீழே இறக்கி, முன்னாடி மட்டும் இல்லாம ரெண்டு பக்கமும் பின்பக்கமும் பெல்ட்டை முட்டுற மாதிரி தள்ளுங்க. பின்பக்கம் முட்டுதான்னு தெரியலேன்னா ரெண்டு கட்டைவிரலையும் முதுகுப்பக்கம் பெல்ட்டுக்குள்ள விட்டுப் பாருங்க, மூச்சு இழுக்கும்போது விரல் நசுங்கணும்.

மூச்சை அடக்கித் தள்ளும்போது இரத்த அழுத்தம் பலமா ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களும் குடலிறக்கம் உள்ளவங்களும் டாக்டரைக் கேட்காம இதைச் செய்யக் கூடாது. ‘பெல்ட் போட்டா குடல் இறங்காது’ங்கிற பேச்சை நம்பாதீங்க. தொடை இடுக்குல இறங்குறதை இடுப்புக்கு மேலே கட்டுன பட்டை எப்படித் தடுக்கும்? உள்ளே ஏறுற அழுத்தம் கீழேயும்தானே தள்ளும்?

வார்ம்-அப் செட்டுக்கு பெல்ட் வேண்டாம். உங்க உச்ச எடையில முக்கால் பங்கைத் தாண்டினதும் போடுங்க. கையை ராடோட சேர்த்துச் சுத்திக் கட்டுற ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், பிடி வளராது.

நாகை 66 கிலோ

கடற்கரை ஊர்ல பெல்ட்டுக்கு முதல் எதிரி உப்புக் காத்து. டெட்லிஃப்டுக்கு இறுக்கி இழுத்த ஆளோட கையில பக்கிள் மட்டும் தனியா வந்துச்சு. ரிவெட்டோட தலை உள்பக்கம் துருப்பிடிச்சு அரிச்சுப்போய், வெளியில பளபளன்னு இருந்திருக்கு. எடையோட நடுவுல அது நடக்கலைங்கிறதுதான் ஆறுதல்.

மாசம் ஒரு தடவை பெல்ட்டைத் திருப்பி ரிவெட்டோட உள்பக்கத்தைப் பாருங்க. பழுப்புக் கறை லெதர்ல இறங்கியிருந்தா செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்து பித்தளை ரிவெட் மாத்திடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில வெள்ளையா பச்சையா பூஞ்சை பிடிக்கும். வினிகர்ல பாதி தண்ணி கலந்து துணியில தொட்டுத் துடைச்சு, ஃபேன் காத்துல காய வைங்க. வெயில்ல போட்டா வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, லெதர் தொளதொளத்து அடுக்கு பிரிய ஆரம்பிச்சிடும். பிளாஸ்டிக் பையில சுருட்டி வைக்காதீங்க, பக்கிளை ஆணியில மாட்டித் தொங்கவிடுங்க. பக்கிள் உருளையில தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

திருவாரூர் 57 கிலோ

மாஸ்டர் சொன்ன ‘ஒரே அகலம்’ சரி. எத்தனை செ.மீ.ன்னு சொல்லலையே மாஸ்டர். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு 10 செ.மீ. வாங்குறாங்க. அஞ்சடிக்கும் குறைவான ஒரு பொண்ணு அதைப் போட்டுக்கிட்டு டெட்லிஃப்டுக்குக் குனிஞ்சா, மேல்விளிம்பு விலாவுல, கீழ்விளிம்பு இடுப்பெலும்புல. நடுவுல மூச்சு எங்கே போகும்? முதுகை நேராக்க முடியாம திரும்பத் திரும்ப எழுந்து நின்னுச்சு. கழட்டினப்போ கடைசி விலாவுக்குக் கீழே சிவப்பா ஒரு கோடு, கத்தியால கீறின மாதிரி.

‘பொண்ணுங்களுக்கு பெல்ட் ஒத்துவராது’ன்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னார். அளவு ஒத்துவரலைங்க. 7.5 செ.மீ. பட்டை இருக்கு. போட்டி விதியில 10 செ.மீ.ங்கிறது உச்ச அளவு, அதுக்குக் குறைஞ்சு போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஸ்டூல்ல உட்கார்ந்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்போட மேல்விளிம்புக்கும் நடுவுல எத்தனை விரல் நிக்குதுன்னு பாருங்க. நாலு விரல்தான்னா 10 செ.மீ. வேண்டாம்.

இன்னொண்ணு, வெளியில பேசத் தயங்குற விஷயம். பெரிய எடையில சிறுநீர் கசியுறது நிறையப் பெண்களுக்கு, முக்கியமா பிரசவத்துக்குப் பிறகு, நடக்குது. பெல்ட்டை இன்னும் இறுக்கினா அது கூடலாம். எடையைக் குறைச்சு, மூச்சை முழுசா அடக்காம தூக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்க. இடுப்புத்தளத் தசைக்குன்னு பிசியோதெரபி இருக்கு, கேட்டு வாங்கிக்குங்க. வெட்கப்பட்டுக்கிட்டு தூக்குறதையே விட்டுடாதீங்க.

மன்னார்குடி மேலப்பக்கம்

ஜிம் பெல்ட்டைக் கொள்முதல் நிலையத்துல சுமை தூக்குற ஒரு அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தாங்க. சம்பா அறுவடை நேரம், 40 கிலோ சிப்பம், பலகையில ஏறி லாரிக்கு. காலையில பத்து மணிக்குள்ள பெல்ட் லாரிக் கயித்துல தொங்குது, அண்ணன் இடுப்புல பழைய துண்டு. ‘மூச்சு விட முடியல தம்பி’ன்னார். அந்த ஒரு வார்த்தையில எல்லாம் இருக்கு.

ஜிம்ல ஒரு ரெப்புக்கு மூச்சை அடக்கலாம். மூட்டையோட இருபது முப்பது அடி நடக்கிறவர் அடக்க முடியாது, மூச்சை அடக்காத இடத்துல பெல்ட்டுக்கு வேலை இல்லை. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற அரசு நிறுவனம் 1994-லேயே, காயம் இல்லாத தொழிலாளிக்கு முதுகு பெல்ட் காயத்தைத் தடுக்கும்னு போதுமான ஆதாரம் இல்லை, அதுக்காகப் பரிந்துரைக்க மாட்டோம்னு அறிக்கை வெளியிட்டுச்சு. பெல்ட் இருக்குங்கிற தைரியத்துல கூடுதலாத் தூக்கிடுவாங்கன்னும் அதுல எச்சரிக்கை இருக்கு. அவங்களுக்கு உண்மையா உதவுறது வேற: அட்டியைத் தரையிலேருந்து அடுக்காம கட்டையோ பலகையோ போட்டு இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரணும். தலைக்கோ தோளுக்கோ ஏத்திவிட ரெண்டு பேர் வேணும். பலகை பனியில நனைஞ்சிருந்தா சாக்கு விரிச்சு, அது நகராம கட்டணும். தயவுசெஞ்சு அவங்களுக்கு பெல்ட் விக்காதீங்க.

தஞ்சை கீழவாசல்

மாஸ்டர், ஸ்ட்ராப் ‘வேண்டவே வேண்டாம்’னு ஒரே வரியில முடிச்சதை ஏத்துக்க முடியல. எங்கே வேண்டாம்னு சொல்லுங்க, அதுக்குக் கட்டுப்படலாம். கிளீன் (தரையிலேருந்து ராடை ஒரே வீச்சுல தோளுக்குக் கொண்டுவர்றது) பண்ணும்போது கூடவே கூடாது. 80 கிலோ, ஸ்ட்ராப் மாட்டின கை. ராடு தோளுக்கு வர்ற நேரம் முழங்கை சுத்தி முன்னாடி வரணும், வரல. முழங்கை போய் முட்டியில இடிச்சுது. ராடு முன்னாடி விழுது, மணிக்கட்டு அதோடயே போகுது. விட்டுட்டு ஒதுங்கலாம்னா கை ராடுலேயே கட்டியிருக்கு. மாவுக்கட்டுலதான் முடிஞ்சுது. அந்தக் கை ராடுல சிக்கித் தொங்குன கோணத்தை மறக்க முடியல.

ரோமேனியன் டெட்லிஃப்ட், ரோ, ஷ்ரக் மாதிரி எட்டுப் பத்து ரெப் போற முதுகுப் பயிற்சிக்கு நிலைமை வேற. முதுகுக்கு இன்னும் மூணு ரெப் பாக்கி இருக்கும்போதே விரல் திறந்துடும். அங்கே ஸ்ட்ராப் போடாம பிடியை வளர்க்கிறேன்னு நின்னா முதுகு வளராது. வார்ம்-அப்பும் முதல் பெரிய செட்டும் வெறுங்கையில மக்னீசியம் பவுடரோட, அதுக்குப் பிறகு ஸ்ட்ராப். பிடியும் கெடாது. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே பார்க்கிற கலப்புப் பிடிதான் வழின்னு சிலர் சொல்வாங்க. உள்ளங்கை முன்னாடி பார்க்கிற கையை மடக்கி இழுத்தா பைசெப்ஸ் தசைநார் அறுந்துபோற ஆபத்து உண்டு. அந்தக் கை கயிறு மாதிரி நீளமா இருக்கணும்.

சுத்துற திசையைப் பாதிப் பேர் தப்பாச் செய்யறாங்க. வளையத்துல கையை விட்டா வால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வரணும். விரல்கள் ராடுக்கு மேலே போய் முன்பக்கமா இறங்குது. பட்டை அதுக்கு நேர்மாறா, உங்க பக்கத்துலேருந்து அடியில போய், முன்பக்கமா ஏறி, மேலே வரணும். ஒரு சுத்து, மிஞ்சிப்போனா ரெண்டு. பிறகு ராடை உங்க பக்கம் உருட்டினா பட்டை இறுகும். எட்டு வடிவ ஸ்ட்ராப்ல கையைச் சட்டுனு உருவ முடியாது, புதுசா தூக்குறவங்க கையில அதைக் கொடுக்காதீங்க.

மயிலாடுதுறை 74 கிலோ

மாவட்டப் போட்டி, உபகரணம் சரிபார்க்கிற மேஜை. பையன் பெல்ட்டை வைக்கிறான், நடுவர் அழுத்திப் பார்த்துட்டு ஓரமா தள்ளிட்டார். உள்ளே ஸ்பாஞ்சு வெச்ச பெல்ட். மாசக்கணக்கா அதையே போட்டுப் பழகினவன், வேற பெல்ட் இல்லை. முகம் அப்படியே வெளுத்துப்போச்சு. முதல் ஸ்குவாட்டை 15 கிலோ குறைச்சுக் கொடுத்தான்.

சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பு விதியைப் பயிற்சியிலேயே பின்பத்தினா இந்த நிலைமை வராது. பெல்ட் அகலம் 10 செ.மீ., கனம் 13 மி.மீ. தாண்டக் கூடாது, கூடுதல் பஞ்சு, பலகை எதுவும் கூடாது. மணிக்கட்டுல சுத்துற பட்டையான ரிஸ்ட் ராப் நீளம் 1 மீ., அகலம் 8 செ.மீ. வரைக்கும். தூக்கும்போது அதோட வளையம் கட்டைவிரல்ல இருக்கக் கூடாது. சிறப்பு உடை இல்லாமத் தூக்குற கிளாசிக் பிரிவுல முட்டிக்கு உறை மாதிரி மாட்டுற ஸ்லீவ் மட்டும்தான், கனம் 7 மி.மீ. வரை. முட்டியில சுத்துற 2 மீ. நீள ராப், சிறப்பு உடை போட்டுத் தூக்குற எக்விப்டு பிரிவுக்கு. டெட்லிஃப்டுக்கு ஸ்ட்ராப் கிடையவே கிடையாது, தஞ்சை அண்ணே, அதனாலதான் மாஸ்டர் அப்படிச் சொல்றார். தொடையில பவுடர் பூசலாம், எண்ணெய் தடவக் கூடாது.

ரிஸ்ட் ராப்பை வளையல் மாதிரி முன்கையில சுத்துறதைத் தினமும் பார்க்கலாம். மூட்டை மூடணும். பாதி உள்ளங்கையோட அடிப்பக்கம், பாதி முன்கையில. அப்புறமும் மணிக்கட்டு பின்னாடி மடங்குதுன்னா ராடு விரல் பக்கம் உட்கார்ந்திருக்கு. முன்கை எலும்புக்கு நேர் மேலே, உள்ளங்கையோட அடியில உட்காரணும். செட் முடிஞ்சதும் தளர்த்துங்க, விரல் மரத்துப்போற வரைக்கும் வெச்சிருக்காதீங்க.

பட்டுக்கோட்டை 83 கிலோ

மாஸ்டர், பின் ஒரு ஓட்டை கீழேதான் இருந்துச்சு. இப்போ மாத்தி வெச்சு, பெயிண்ட்ல கோடு போட்டாச்சு. அந்தத் தம்பிக்கு லெதர் பெல்ட் வாங்கணும். பேண்ட் அளவு 32. அதையே சொல்லலாமா? மடக்கிப் பூட்டுற லீவரா, முள் வெச்ச பக்கிளா?

குடந்தை மாஸ்டர்

கோடு போட்டது நல்ல வேலை. பேண்ட் அளவு சொல்லாதீங்க தம்பி, பேண்ட் இடுப்பெலும்புக்குக் கீழே நிக்குது. தொப்புள் உயரத்துல டேப் வெச்சு, வயித்தை எக்காம அளங்க. 32 பேண்ட் போடுறவருக்கு அங்கே 34, 35 அங்குலம் வரும். அந்த அளவு பெல்ட்டோட நடு ஓட்டையில விழுற மாதிரி வாங்குங்க, உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். முதல் பெல்ட்டுக்கு 10 மி.மீ. போதும், 13 மி.மீ. பழகுறதுக்குள்ள விலாவைப் புண்ணாக்கிடும். புதுசுல அது வளையற திசையிலேயே சுருட்டிச் சுருட்டி விடுங்க, எதிர்த்திசையில மடக்கினா லெதர்ல வெடிப்பு விழும்.

பலபேர் மாத்தி மாத்திப் போடுற இடம்னா ஒத்தை முள் பக்கிள். லீவர் ஒரே ஆளுக்குத்தான் வசதி, அளவு மாத்த ஸ்க்ரூடிரைவர் வேணும். காலையில வெறும் வயித்துக்கு வெச்ச அளவு மதியம் சாப்பிட்டுட்டு வந்தா மூடாது. லீவர்தான்னா அந்த ஸ்க்ரூக்களை வாரம் ஒரு தடவை கையால திருகிப் பாருங்க, தூக்குற அதிர்வுல தளரும். ஒண்ணு விழுந்துட்டா மிச்சத்தை நம்பித் தூக்காதீங்க, புதுசு போட்டுட்டு ராடுகிட்ட போங்க.

தஞ்சை தம்பி சொன்ன ரோ, ஷ்ரக் கணக்கு சரி. அதுக்கு ஸ்ட்ராப் போடட்டும்.